கட்டினா மட்டும் போதுமா? திறந்து பாருங்க பாஸ்!

கறுப்புத் திரை: வாரா வாரம் கமாண்ட் லைன் கச்சேரி



செமஸ்டர் கடைசி வந்தாச்சு. எந்த டிபார்ட்மென்ட் வராண்டாவில் நின்றாலும் காதில் விழுகிற ஒரே டயலாக், "எல்லாத்தையும் ஜிப் பண்ணி அனுப்பு!" நாமும் ஃபோல்டர் மேல மவுஸை வெச்சு ரைட் கிளிக் பண்ணி, மெயிலில் தட்டிவிட்டு, டீ குடிக்கக் கிளம்பிடறோம். அந்த மூட்டைக்குள்ள உண்மையிலேயே என்ன போச்சுன்னு எத்தனை பேர் பார்க்கிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க!

ஃபைல்களை மூட்டை கட்டுற விஷயத்தில் மொத்தமே மூணு வேலைதான். கட்டுறது, உள்ளே என்ன இருக்குன்னு பட்டியல் பார்க்கிறது, பிரிக்கிறது. முதலாவதும் மூணாவதும் எல்லாருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற பட்டியலைத்தான் யாரும் கண்டுக்கிறதில்லை. இந்த வாரம் ஹீரோ அவர்தான்.

ஒரு சின்ன குறிப்பு. கமாண்டுகளை நாம வாயால சொல்ற மாதிரியே தமிழில் எழுதியிருக்கேன். கீபோர்டில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், 'பெரிய' என்று நான் சொல்லாத இடத்தில் எல்லாம் சின்ன எழுத்தில் அடிங்க. லினக்ஸில் பெரிய எழுத்து வேற ஆள், சின்ன எழுத்து வேற ஆள். மாத்தி அடிச்சா வேற வேலை நடக்கும்.

இரும்பையில் ஒரு பாட்டு

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி போற ரோட்டில் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோடுன்னு ஒரு ஸ்டாப் வரும். அங்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் இரும்பை. பக்கத்திலேயே ஆரோவில் இருப்பதால், வெளியூர் ஆளுங்க இரும்பையை ஆரோவில் போற வழின்னுதான் நினைப்பாங்க. ஆனா அங்கே இருக்கிற மாகாளேஸ்வரர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். இரும்பை மாகாளம் மேல் சம்பந்தர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கு.

"கம்ப்யூட்டர் பக்கத்தில் எதுக்குப்பா தேவாரம்?"னு கேட்கிறீங்களா? காரணம் இருக்கு. அந்தப் பாட்டு நம்ம கைக்கு வந்த வழியே ஒரு மூட்டைக் கதைதான்.

ஓலைச்சுவடியைப் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு ஓலையிலும் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, மேலேயும் கீழேயும் மரச் சட்டம் வெச்சுக் கட்டுவாங்க. ஒரே கட்டுக்குள் நாலஞ்சு நூல்கள்கூட இருக்கும். வெளியில் இருந்து பார்த்தா எல்லாக் கட்டும் ஒண்ணுதான். உள்ளே வைத்தியமா, ஜோதிடமா, பதிகமான்னு தெரியணும்னா பிரிச்சுப் படிச்சுப் பட்டியல் போடணும்.

திருமுறை கண்ட புராணம் ஒரு கதை சொல்லுது. மூவர் பாடல்கள் தில்லைக் கோயிலில் ஒரு அறைக்குள் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழன் காலத்தில், நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, கதவைத் திறந்தால் சுவடிகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைச்சு, மிஞ்சியதை எடுத்தாங்க. போனது போனதுதான். இதைப் புராணமாவே எடுத்துக்குங்க. ஆனா அதில் இருக்கிற பாயின்ட் பக்கா. கட்டி வெச்சிருந்தாங்க, பூட்டியும் வெச்சிருந்தாங்க. திறந்து பார்க்கிற ஆள்தான் இல்லை!

இன்னிக்கு நிலைமை வேற. புதுச்சேரியில் இருக்கிற சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுமார் 11,000 சுவடிகள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் அவற்றைக் காப்பதோடு, எந்தக் கட்டில் எந்த நூல்னு பட்டியலும் போடுறாங்க. 2007-ல் தேவாரம் முழுக்க 'கணினித் தேவாரம்' என்ற பெயரில் குறுவட்டாவே வந்தது. அதில் இரும்பைப் பதிகமும் உண்டு. ஓலையில் இருந்து டிஸ்க் வரைக்கும் ஒரு பாட்டு தப்பிச்சு வந்ததுக்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருத்தர் கட்டைப் பிரிச்சுப் பார்த்தது.

சரி, கீபோர்டுக்கு வருவோம்.

டேப்பில் பிறந்த டார்

லினக்ஸ் உலகத்தின் சுவடிக் கட்டுக்குப் பேர் டார். 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அறிமுகமானவர். அப்போ பேக்கப் எல்லாம் காந்த டேப்பில். டேப்பில் நடுவில் குதிச்சுப் போய்ப் படிக்க முடியாது. பழைய கேசட் மாதிரி வரிசையா ஓட்டித்தான் ஆகணும். அதனால் டாரும் ஃபைல்களை ஒண்ணு பின்னாடி ஒண்ணா, ரயில் பெட்டி மாதிரி கோக்குது.

ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னாடி 512 பைட்டில் ஒரு சீட்டு. அதில் ஃபைல் பேர், சைஸ், தேதி, யாருக்குப் படிக்க அனுமதி என்ற விவரம். அதுக்குப் பின்னாடி ஃபைலின் சரக்கு, 512-இன் மடங்காக. கடைசியில் 'ஆட்டம் முடிஞ்சது' என்பதற்கு அடையாளமா ரெண்டு காலி 512. இவ்வளவுதான் டாரின் ரகசியம். லினக்ஸில் இருக்கிற குனு டார் வழக்கமா 10,240 பைட் கட்டுகளாக எழுதும். அதனால் அஞ்சு பைட் ஃபைல் ஒண்ணை டார் போட்டாலும் 10,240 பைட் வந்து நிற்கும். "சுருக்கச் சொன்னா ஊதிப் பெருக்குதே!"ன்னு டென்ஷன் ஆகாதீங்க. டாரின் வேலை கட்டுறது. சுருக்குறது அவர் வேலையே இல்லை.

கட்டுறதுக்கு:
டார் -சிஎஃப் ஏரி.டார் ஏரி

சி என்றால் கிரியேட். எஃப் என்றால் ஃபைல், அதாவது அடுத்து வரப்போறது மூட்டையின் பேர். கடைசியில் இருப்பது கட்டவேண்டிய ஃபோல்டர்.

பட்டியல் பார்க்க:
டார் -டிஎஃப் ஏரி.டார்

இங்கே டி என்பது டீக்கடை டி. 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்', அதாவது பொருளடக்கம். கூடவே வி சேர்த்து டிவிஎஃப் என்று அடித்தால் சைஸ், தேதி எல்லாம் விலாவாரியா வரும். ஆமா பாஸ், பார்க்கிறதுக்கு டிவி! இப்படி ஞாபகம் வெச்சுக்கிட்டா மறக்கவே மறக்காது.

பிரிக்க:
டார் -எக்ஸ்எஃப் ஏரி.டார்

எக்ஸ் என்றால் எக்ஸ்ட்ராக்ட். மூட்டையில் ஒரே ஒரு ஃபைல் மட்டும் வேணும்னா, பட்டியலில் அதன் பேர் எப்படி இருக்கோ அப்படியே கடைசியில் சேர்த்து அடிங்க. அது மட்டும் வெளியே வரும்.

ஒரு டேஞ்சர். எஃப்புக்கு அடுத்து மூட்டையின் பேர்தான் வரணும். அதை மறந்துட்டு நேரா உங்க ரிப்போர்ட் பேரையும், பின்னாடி போட்டோ ஃபோல்டர் பேரையும் அடிச்சீங்கன்னா, ரிப்போர்ட்டைத்தான் மூட்டைன்னு நினைச்சு அதன் மேலேயே எழுதிடும். ரிப்போர்ட் காலி! அதே மாதிரி சிஎஃப்இசட் என்று வரிசை மாத்தினால், இசட் என்ற பேரில் ஒரு மூட்டை பிறக்கும். எஃப் எப்பவும் கடைசி எழுத்து. இதைப் பெஞ்சில் செதுக்கி வெச்சுக்கலாம். (வேணாம், ஃபைன் போடுவாங்க!)

மூட்டை பேர் மட்டும் சொல்லி, உள்ளே வைக்க எதுவும் சொல்லலேன்னா டார் என்ன சொல்லும் தெரியுமா? "காலி மூட்டை கட்டப் பயமா இருக்கு, மாட்டேன்" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி வரும். நிஜமாவே, 'கோழைத்தனமா மறுக்கிறேன்'னு அதில் இருக்கு! புரோகிராமர்களுக்கும் குசும்பு உண்டு.

சுருக்குறவர் வேற ஆள்

மூட்டையை அமுக்கிச் சின்னதாக்க வர்றவர் ஜிஜிப். 1992-ல் ஜான்-லூ கையீ, மார்க் ஆட்லர் என்ற ரெண்டு பேர் எழுதியது. அதுக்கு முன்னாடி யூனிக்ஸில் கம்ப்ரெஸ் என்று ஒண்ணு இருந்தது. அது பயன்படுத்தின எல்இசட்டபிள்யூ முறைக்கு யுனிசிஸ் கம்பெனியிடம் பேட்டன்ட் இருந்ததால், யாரும் உரிமை கொண்டாட முடியாத மாற்று தேவைப்பட்டது. அப்படி வந்தவர் ஜிஜிப்.

டார் கட்டும்போதே ஓர் இசட் சேர்த்தால் ஜிஜிப்பும் கூட வேலை செய்யும்.

டார் -சிஇசட்எஃப் ஏரி.டார்.ஜிஇசட் ஏரி

இசட்டுக்குப் பதில் சின்ன ஜே போட்டால் பிஜிப்2, பெரிய ஜே போட்டால் எக்ஸ்இசட். பொதுவா பின்னால் வர்றவர் அதிகமா அமுக்குவார், நேரமும் அதிகமா எடுத்துக்குவார். பிரிக்கும்போது இதெல்லாம் சொல்லவே வேண்டாம். குனு டார் தானே மோப்பம் பிடிச்சுக்கும்.

ஜிஜிப் எப்படிச் சுருக்குது? ஏற்கெனவே வந்த துண்டு திரும்ப வந்தால், அதை மறுபடி எழுதாம "இத்தனை பைட் பின்னாடி போ, இத்தனை பைட் எடுத்துக்கோ"ன்னு குறிப்பு மட்டும் எழுதும். நம்ம ஆளுங்க ரெக்கார்ட் நோட்டில் 'மேற்படி' போடுற அதே டெக்னிக்! அதோட, அடிக்கடி வர்ற எழுத்துக்குச் சின்னக் குறியீடு, அபூர்வமா வர்றதுக்குப் பெரிய குறியீடு.

இதில் தமிழுக்கு ஒரு ஜாக்பாட் இருக்கு. யுனிகோட் தமிழை ஃபைலில் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். 'இரும்பை' என்று எழுதினால் இ, ர, உகரக் குறி, ம, புள்ளி, ப, ஐகாரக் குறி என்று 7 குறிகள். மொத்தம் 21 பைட். "அநியாயமா இடம் பிடிக்குதே"ன்னு தோணும். ஆனா அந்த மூணில் முதல் பைட் எப்பவும் 224. ரெண்டாவது 174 அல்லது 175, ரெண்டில் ஒண்ணு. மூணாவதுதான் நிஜமா மாறுறது. திரும்பத் திரும்ப ஒரே பைட் வந்தால் ஜிஜிப்புக்குத் தீபாவளி. தமிழ் டெக்ஸ்ட் ஃபைல் ஒண்ணை அமுக்கிப் பாருங்க, எவ்வளவு இளைக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா போட்டோ, எம்பி3, வீடியோ எல்லாம் ஏற்கெனவே பிழிஞ்ச கரும்பு. இன்னொரு தடவை மெஷினில் விட்டா சக்கைதான் வரும். கல்யாண ஆல்பத்தை ஜிப் பண்ணியும் சைஸ் குறையலேன்னு கம்ப்யூட்டரைத் திட்டாதீங்க.

ஜிப்புக்குப் பட்டியல் வால்ல இருக்கு

நாம தினமும் பார்க்கிற ஜிப், 1989-ல் ஃபில் கட்ஸ் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தது. ஃபார்மட்டின் விவரத்தை அவர் ஒளிச்சு வைக்காம வெளியிட்டதால் உலகமே பயன்படுத்த ஆரம்பிச்சது. 2000-ல், 37 வயசிலேயே, மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். இன்னிக்கு நம்ம வேர்டு டாக்எக்ஸ் ஃபைல், ஆண்ட்ராய்டு ஏபிகே, ஈபப் புத்தகம் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். டாக்எக்ஸ் ஓப்பன் ஆகாம அடம் பிடிச்சால் அன்ஜிப் போட்டுப் பாருங்க. உள்ளே இருக்கிற படங்களையாவது மீட்க வாய்ப்பு இருக்கு.

டாருக்கும் ஜிப்புக்கும் என்ன வித்தியாசம்? டார் எல்லாத்தையும் கோத்துட்டு மொத்தமா அமுக்கும். ஜிப் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா அமுக்கி, எல்லாத்துக்கும் ஒரு பொருளடக்கத்தைக் கடைசியில் எழுதும். அதனால் ஜிப்பில் நடுவில் ஒரு இடம் கெட்டுப் போனாலும் மத்த ஃபைல்கள் பிழைக்கலாம். அமுக்கின டாரில் நடுவில் கெட்டால் அதுக்குப் பின்னாடி இருப்பதெல்லாம் சிக்கல். ஆனா டவுன்லோடு பாதியில் நின்னா கதை தலைகீழ். ஜிப்பின் பொருளடக்கம் வால் பகுதியில் இருப்பதால், வால் வரலேன்னா "இது ஜிப்பே இல்லை"ன்னு அன்ஜிப் கையை விரிச்சுடும். டார் வந்த வரைக்கும் பிரிச்சுக் கொடுக்கும்.

இங்கேயும் மூணு வேலை. கட்ட ஜிப் -ஆர். பட்டியல் பார்க்க அன்ஜிப் -எல். பிரிக்க வெறும் அன்ஜிப். போனஸா அன்ஜிப் -டி (அதே டீக்கடை டி) போட்டால், ஒவ்வொரு ஃபைலும் சேதமில்லாம இருக்கான்னு டெஸ்ட் பண்ணும். ஜிஜிப்புக்கும் இதே டி உண்டு. ஜிப் கட்டும்போது அந்த ஆர் ரொம்ப முக்கியம். விட்டுட்டா ஃபோல்டரின் பேர் மட்டும் உள்ளே போகும், சரக்கு போகாது. எர்ரரும் வராது. பட்டியல் பார்த்தவன் பிழைப்பான்.

மழை திரும்ப வராது மச்சி

எங்க பக்கத்து சீனியர் அண்ணா ஒருத்தர் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு எடுத்தது ஏரி. வானூர்ப் பக்கத்து ஏரி ஒண்ணில் சென்சார் வெச்சு, வடகிழக்குப் பருவமழை முழுக்கத் தண்ணி மட்டம் அளந்தார். அதோட காலையும் சாயங்காலமும் ஒரே இடத்தில் நின்னு போட்டோ. சேறு, அட்டை, ஜுரம் எல்லாம் பார்த்தாச்சு. லேப்டாப்பில் இடம் இல்லாததால் போட்டோக்களைச் சித்தப்பா பையனோட எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு, புராஜெக்ட் ஃபோல்டரில் அதுக்கு ஒரு லிங்க் மட்டும் வெச்சார். கிளிக் பண்ணினால் போட்டோக்கள் திறக்கும். பார்க்க நிஜ ஃபோல்டர் மாதிரியே இருக்கும்.

ஜனவரியில் மொத்தத்தையும் டார் போட்டார். ஒரு எர்ரர் இல்லை. மூட்டையை நெட்டில் ஏத்தி வெச்சுட்டு, டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துட்டார். தம்பி அதை ஃபார்மட் பண்ணி சினிமா நிரப்பிட்டான். அவன் மேலே தப்பு சொல்ல முடியாது, அவன் டிஸ்க்!

ரிவ்யூவுக்கு முன்னாடி மூட்டையைப் பிரிச்சால், தண்ணி மட்ட ரீடிங் எல்லாம் இருக்கு. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் லிங்க் மட்டும் இருக்கு. அது காட்டுற இடத்தில் எதுவும் இல்லை.

காரணம் இதுதான். டார், லிங்க்கைப் பார்த்தால் லிங்க்கைத்தான் கட்டும். அது காட்டுற சரக்கைக் கட்டாது. சரக்கே வேணும்னா கட்டும்போது எச் என்ற எழுத்தைச் சேர்க்கணும். ஜிப் இதுக்கு நேர் எதிர். சும்மா விட்டால் லிங்க் வழியா போய்ச் சரக்கை எடுத்துக்கும். லிங்க்கை லிங்க்காவே வைக்கணும்னாதான் ஒய் சொல்லணும். ரெண்டு பேரும் செய்றது தப்பில்லை, ரெண்டு பழக்கம். எது எப்படின்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

டிஸ்க்கைத் திருப்பித் தர்றதுக்கு முன்னாடி டார் -டிவிஎஃப் அடிச்சிருந்தால் என்ன தெரிஞ்சிருக்கும்? அந்த வரி எல் என்ற எழுத்தில் ஆரம்பிச்சிருக்கும். எல் என்றால் லிங்க். சைஸ் இருக்கிற இடத்தில் சுழியம். பேருக்குப் பக்கத்தில் வேற இடத்தைக் காட்டுற அம்புக்குறி. நூத்துக்கணக்கான போட்டோவுக்குச் சுழியம் பைட்டான்னு அப்பவே கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

அண்ணா ரீடிங்கை மட்டும் வெச்சுப் புராஜெக்ட்டை முடிச்சார். பாஸும் ஆயிட்டார். ஆனா அந்த ஏரி எப்படி நிரம்பினதுன்னு நாள்வாரியா காட்டுற படம் உலகத்தில் வேற யார்கிட்டேயும் இல்லை. "புரோகிராம் போயிருந்தா திரும்ப எழுதிடுவேன்டா. போன வருஷ மழையை எங்கே போய்க் கேட்கிறது?"ன்னார். பதில் சொல்ல முடியலை.

பிரிக்கும்போதும் உஷார்

கட்டும்போது மட்டும் இல்லை, அடுத்தவர் கட்டின மூட்டையைப் பிரிக்கும்போதும் முதலில் பட்டியல்தான். ஏன்னா சிலர் ஃபோல்டரா கட்டாம, உள்ளே இருக்கிற ஐநூறு ஃபைலையும் உதிரியா கட்டி அனுப்புவாங்க. நீங்க டெஸ்க்டாப்பில் நின்னு பிரிச்சால் ஐநூறும் அங்கேயே சிதறும். இதுக்குப் பேரே டார் பாம்! அதைவிட மோசம், அதே பேரில் உங்ககிட்ட ஒரு ஃபைல் இருந்தால் டார் கேட்காமலேயே அதன் மேல் எழுதிடும். அன்ஜிப்பாவது "மேலே எழுதட்டுமா?"ன்னு மரியாதையா கேட்கும். அதனால் புதுசா காலி ஃபோல்டர் ஒண்ணு திறந்து, பெரிய சி போட்டு அதன் பேரைச் சொல்லி அங்கே பிரிங்க.

டார் -எக்ஸ்எஃப் ஏரி.டார் -பெரிய சி சோதனை

இன்னொரு கதை, உலக அளவில் நடந்தது. 2024 மார்ச் 29-ல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பர் ஒரு குண்டு போட்டார். நாம மேலே பெரிய ஜேன்னு பார்த்தோமே, அந்த எக்ஸ்இசட், அதன் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களுக்குள் யாரோ பின்வாசல் வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சார். அவருக்குச் சந்தேகம் வந்ததே, ரிமோட் லாகின் அரை செகண்ட் லேட்டானதால்தான். ஜியா டான் என்ற பேரில் வந்த ஒருவர், ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா உதவி செஞ்சு நம்பிக்கை சம்பாதிச்சுட்டு இந்த வேலையைச் செஞ்சிருந்தார்.

இதில் நமக்குப் பாடம் எங்கே? எல்லாரும் படிக்கிற சோர்ஸ் கோடு ஒரு பக்கம். வெளியீட்டுக்காகக் கட்டின டார் மூட்டை இன்னொரு பக்கம். பின்வாசலைத் தூண்டி விடுற வரிகள் மூட்டைக்குள் இருந்த பில்டு ஸ்கிரிப்ட்டில் மட்டும்தான் இருந்தன, பொதுவில் இருந்த கோடில் இல்லை. "அதே பேர், அதே வெர்ஷன், அதேதான் உள்ளே இருக்கும்"னு உலகமே நம்பிடுச்சு. ஓலைக் கட்டோ, டார் கட்டோ, மேலே எழுதின பேரும் உள்ளே இருக்கிற சரக்கும் ஒண்ணுதானான்னு ஒருத்தர் பார்த்தே ஆகணும்.

லேப்டாப்புக்குள் ஒரு தாத்தா

டாருக்கும் முன்னாடி 1971 யூனிக்ஸிலேயே இருந்தவர் ஏஆர். ரிட்டயர் ஆயிட்டார்னு நினைக்காதீங்க. தமிழ்நாடு அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கா? அக்கா, அண்ணன் யார் வீட்டிலாவது அந்த லேப்டாப் இன்னும் மூலையில் கிடக்கும். பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை வெச்சு உருவாக்கினது. டெபியனில் சாஃப்ட்வேர் வர்ற டெப் ஃபைல் உண்மையில் ஓர் ஏஆர் மூட்டை. உள்ளே ரெண்டு டார் மூட்டையும், வெர்ஷன் எழுதின ஒரு துண்டுச் சீட்டும். ஏஆர் -டி என்று அடிச்சால் (மறுபடியும் டீக்கடை!) மூணு பேரும் வரிசையா தெரிவாங்க. மூட்டைக்குள் மூட்டை, தாத்தா மடியில் பேரன்!

லினக்ஸ் இல்லையேன்னு கவலை வேண்டாம். விண்டோஸ் 10-க்குள் 2018-லேயே டார் வந்தாச்சு. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து அடிச்சுப் பாருங்க. கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்னா, நம்ம மாவட்டத்திலேயே விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கு. மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தர்ற கூட்டம் அது.

கட் பண்ணி ஒட்டிக்குங்க

1. கட்டும் முன்: ஃபோல்டரின் சைஸ் எவ்வளவு, எத்தனை ஃபைல்னு பார்த்துக் குறிச்சுக்குங்க. உள்ளே லிங்க், ஷார்ட்கட் எதுவும் இருக்கான்னு பாருங்க.

2. கட்டினதும்: டிவிஎஃப் போட்டு முழுப் பட்டியலையும் ஓட்டுங்க. சுழியம் பைட், எல்-லில் ஆரம்பிக்கிற வரி, அம்புக்குறி, எதிர்பார்த்ததைவிடக் குறைச்சலான எண்ணிக்கை, இதில் எது இருந்தாலும் நில்லுங்க.

3. காலி ஃபோல்டரில் ஒரு தடவை பிரிச்சு, நாலு ஃபைலையாவது திறந்து பாருங்க. தமிழ்ப் பேர் வெச்ச ஃபைல் இருந்தா கட்டாயம் பாருங்க. பழைய ஜிப் சாஃப்ட்வேர் சிலது தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமா மாத்திடும்.

4. வேற டிஸ்க்குக்கோ நெட்டுக்கோ அனுப்பினால், போய்ச் சேர்ந்த மூட்டையைத் திரும்ப எடுத்து டெஸ்ட் பண்ணுங்க. எஸ்எச்ஏ256சம் என்ற கமாண்ட் ரெண்டு இடத்திலும் ஒரே எண்ணைக் காட்டினால், ஒரு பைட்கூட மாறலைன்னு நம்பலாம்.

5. இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் ஒரிஜினலை அழிக்கிறதோ, டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கிறதோ. அதுவரை தம்பிக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்து சமாளிங்க!

எல்லாம் சேர்த்து பத்து நிமிஷம். உங்ககிட்ட 'பேக்கப்', 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'நிஜமாவே ஃபைனல்' என்ற பேரில் எத்தனை மூட்டை கிடக்குன்னு எண்ணிப் பாருங்க. அதில் ஒண்ணை இன்னிக்கு ராத்திரி திறங்க. எல்லாம் இருந்தால் நிம்மதியா தூங்குங்க. ஏதாவது குறைஞ்சால், ஒரிஜினல் இன்னும் எங்கேயாவது இருக்கிற நேரமா பார்த்துக் கண்டுபிடிச்சீங்களேன்னு சந்தோஷப்படுங்க!

அடுத்த வாரம்: தொலைஞ்சு போன ஃபைலை வாலைப் பிடிச்சு இழுத்துட்டு வர்ற 'ஃபைண்ட்'. அதுவரை, கட்டுங்க... பாருங்க... அப்புறம் அழியுங்க! வர்ட்டா?